படிக்க ஆளில்லையா, கொடுக்க ஆளில்லையா?

"இந்தக் காலத்தில் யார் படிக்கிறார்கள்?" இந்த வாக்கியம் இல்லாமல் ஒரு நூல் வெளியீட்டு விழா முடிவதில்லை. தலைமையுரையில் வரும், வாழ்த்துரையில் வரும், கடைசியில் ஏற்புரை சொல்ல எழுந்த நூலாசிரியரும் தழுதழுத்த குரலில் இதையே சொல்வார். கூட்டமும் தலையாட்டும். வேலையை விட்டுவிட்டு, பஸ் ஏறி, ஒரு புத்தகத்துக்காக வந்து உட்கார்ந்திருக்கிற மனிதர்களிடமே படிக்க ஆளில்லை என்று சொல்கிறோமே என்ற உறுத்தல் மேடையில் யாருக்கும் இருப்பதில்லை.

நான் வந்தவாசியில் இருந்துகொண்டு கதை எழுதுகிறவன். சிற்றிதழ்களில் சில கதைகள் வந்திருக்கின்றன, புத்தகம் இன்னும் வரவில்லை. எழுத்தாளனாக வேண்டும் என்ற ஆசையோடு அலைகிற என்னைப் போன்றவர்களின் காதில் இந்த வாக்கியம் விழுந்துகொண்டே இருக்கிறது. ஆறுதலாகவும் சொல்வார்கள்: "உன் எழுத்துல குறையில்ல தம்பி, படிக்கத்தான் ஆளில்ல." இந்த ஆறுதல் எனக்கு வேண்டாம். இது பொய். பொய் என்பதோடு, எழுத வருகிறவனைக் கெடுக்கிற சொல்லும்கூட. வாசகர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கையில் புத்தகத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறவர்கள்தான் குறைந்துபோனார்கள். அந்த வேலையிலிருந்து முதலில் விலகிக்கொண்டவர்கள் எழுதுகிறவர்களாகிய நாம்தான்.

எதிர்த்தரப்பின் வாதம் லேசானதல்ல. ஒரு காலத்தில் கதைத்தொகுதி என்றால் ஆயிரம் பிரதி அச்சடிப்பார்கள். இன்று முந்நூறு, இருநூறு, தேவைக்கேற்ப ஐம்பது என்று சுருங்கிவிட்டது. நூலக ஆணை கிடைத்தால் பதிப்பாளர் மூச்சு விடுகிறார், கிடைக்காவிட்டால் கட்டுகள் கட்டாகவே கிடக்கின்றன. வாரப் பத்திரிகைகளில் தொடர்கதைகளின் இடம் குறைந்துவிட்டது. பள்ளிப் பிள்ளைகள் மதிப்பெண்ணுக்கும் நீட்டுக்கும் படிக்கிறார்கள், பெரியவர்கள் கைப்பேசியைத் தேய்க்கிறார்கள். இதில் எதையும் நான் மறுக்கவில்லை. இவற்றிலிருந்து படிக்க ஆளில்லை என்ற முடிவுக்குத் தாவுவதைத்தான் மறுக்கிறேன்.

அந்த முடிவுக்குள் ஒரு பொற்காலம் ஒளிந்திருக்கிறது. முன்பெல்லாம் படித்தார்கள், இப்போது படிப்பதில்லை என்பதுதான் அதன் பொருள். எந்த முன்பு? 1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் எழுத்தறிந்தவர்கள் 18.33 சதவீதம். 2011-இல் தமிழ்நாட்டில் மட்டும் எழுத்தறிவு 80 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. மணிக்கொடி இதழ் வந்துகொண்டிருந்த 1930-களில் இந்தப் பக்கத்துக் கிராமங்களில் கடிதம் வந்தால் படித்துச் சொல்லவே ஆள் தேட வேண்டும். அந்த நாளின் எழுத்தாளர்களுக்கு வாசகர்கள் வரிசையில் நின்றிருந்தால் புதுமைப்பித்தன் 1948-இல் அப்படி வறுமையில் செத்திருக்க மாட்டார். இன்றைக்கு நமக்குக் கிடைத்திருக்கிற அளவு எழுத்தறிந்த தமிழர் கூட்டம் எந்தத் தலைமுறை எழுத்தாளனுக்கும் வாய்த்ததில்லை.

சி.சு.செல்லப்பாவை நினைத்துப் பார்க்கிறேன். 1959-இல் 'எழுத்து' பத்திரிகையைத் தொடங்கினார். புதுக்கவிதைக்கும் விமர்சனத்துக்கும் தமிழில் இடம் பிடித்துக் கொடுத்த பத்திரிகை அது. விற்பனையில் நஷ்டம். அவர் என்ன செய்தார்? எழுத்து பிரசுரப் புத்தகங்களை மூட்டை கட்டித் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக, கல்லூரி கல்லூரியாக நடந்தார். தன் புத்தகங்களை மட்டுமல்ல, பிறர் எழுதியவற்றையும் சுமந்தார். வாசகன் இல்லை என்று அவர் நம்பியிருந்தால் அந்த மூட்டையைத் தோளில் ஏற்றியிருப்பாரா? அவருக்குக் கிடைத்தவர்கள் சில நூறு பேர். அந்தச் சில நூறு பேரில் இருந்துதான் அடுத்த ஐம்பது வருடத் தமிழ்க் கவிதை வந்தது.

அவருடைய காலத்துக்காரரான க.நா.சு. செய்தது இன்னொரு விதம். 'படித்திருக்கிறீர்களா?' என்று தலைப்பு வைத்து, தனக்குப் பிடித்த புத்தகங்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லி எழுதினார். நாவலும் மொழிபெயர்ப்பும் விமர்சனமும் எழுதிய மனிதர், அடுத்தவர் புத்தகத்தைப் படிக்கச் சொல்வதும் எழுத்தாளனின் வேலைதான் என்று கருதினார். அந்தக் கருத்துதான் இப்போது நம்மிடம் இல்லை.

இன்னும் பின்னால் போகிறேன், ஏனென்றால் இது எங்கள் மண்ணோடு ஒட்டிய கதை. 1880-இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த உ.வே.சாமிநாதையரிடம், அந்த ஊருக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசுவாமி முதலியார், என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்டார். ஐயர் அந்தாதி, கலம்பகம், கோவை, புராணம் என்று அடுக்கினார். முதலியார் திருப்தியடையவில்லை, சீவக சிந்தாமணியைப் படித்திருக்கிறீர்களா என்று கேட்டார், பிறகு கையெழுத்துப் பிரதியும் கொடுத்தார். கேட்டவர் புலவரல்ல, நீதிமன்ற அதிகாரி. ஒரு வாசகர் இன்னொரு வாசகருக்குச் செய்த அந்த ஒரு பரிந்துரையில் இருந்துதான் 1887-இல் சிந்தாமணிப் பதிப்பு வந்தது, அடுத்து பத்துப்பாட்டு, சிலப்பதிகாரம், புறநானூறு, மணிமேகலை என்று அவர் பதிப்புகள் தொடர்ந்தன.

இதில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது வேறு. அன்றைய சைவத் தமிழ்ப் புலவர்களுக்குச் சிந்தாமணி படிக்க ஆளில்லாத நூல். ஐயர் பொருள் புரியாமல் திணறியபோது கும்பகோணத்துச் சமணர் வீட்டுக்குப் போனார். அங்கே அந்த நூலை வீட்டில் உட்கார்ந்து முறையாகப் படித்துப் பொருள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பெண்களும் கேட்டுக் கேட்டு அறிந்து வைத்திருந்தார்கள். தலைமுறை தலைமுறையாக வாசகர்கள் இருந்தார்கள். புலவர் உலகத்துக்குத்தான் அவர்களைத் தெரியாது. தமிழ்ச் சமணர்கள் நெருங்கி வாழ்கிற வட்டாரம் எங்களுடையது. பொன்னூர் மலையில் சமண ஆசாரியர் குந்தகுந்தரின் பாதத்தை இன்றும் வணங்குகிறார்கள். உணவு, மருந்து, அபயம் ஆகியவற்றோடு சாத்திரத்தையும் தானமாக வைத்தவர்கள் அவர்கள். ஏட்டைப் படியெடுத்து அடுத்தவர் கையில் கொடுப்பது புண்ணியம் என்று சொல்லிச் சொல்லித்தான் நூல்கள் கரையானுக்குத் தப்பின. படிக்க ஆளில்லை என்று மேடையில் சொல்கிறவர்கள், தங்களுக்குத் தெரிந்த வட்டத்துக்கு வெளியே ஒருமுறையாவது எட்டிப்பார்த்தார்களா?

எங்கள் பக்கத்தில் கோடை வந்தால் திரௌபதியம்மன் கோயில்களில் பாரதம் தொடங்கிவிடும். மதியம் பிரசங்கம், இரவு கூத்து, நாள் கணக்கில் நடக்கும். பந்தலில் கீற்று நிழலில் கோரைப்பாயை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களில் பெண்களும் வயசானவர்களும்தான் அதிகம். பிரசங்கியார் வில்லிபாரதத்தில் ஒரு விருத்தத்தை ஆர்மோனியத்தோடு இழுத்துப் பாடுவார். பிறகு சொல் சொல்லாகப் பிரித்துப் பொருள் சொல்வார். அதற்கப்புறம் விருத்தத்தை விட்டு இறங்கி, சூதாட்டத்தில் தருமன் நாட்டை வைத்து இழந்ததை, நம்மூரில் பத்திரத்தை அடகு வைத்துவிட்டு வீட்டில் சொல்லாமல் இருக்கிறவனோடு கொண்டுபோய்க் கோப்பார். கூட்டத்தில் நாலு பேர் தலையைக் குனிந்துகொள்வார்கள். கர்ணன் சாகிற அன்றைக்கு முந்தானையால் கண்ணைத் துடைக்காத பெண்ணைப் பார்க்க முடியாது. படுகளத்தன்று மண்ணால் செய்த துரியோதனன் உருவம் அவ்வளவு பெரிதாகத் தரையில் நீட்டிக் கிடக்க, அதைச் சுற்றி நிற்கிற கூட்டத்துக்குக் கதை முழுவதும் அத்துபடி. அபிமன்யு ஏன் வெளியே வரத் தெரியாமல் செத்தான் என்று பள்ளிக்கூடமே போகாத ஒரு கிழவி எனக்கு விளக்கிச் சொல்லியிருக்கிறாள். எடுத்துக் கொடுக்க ஒரு ஆள் இருந்தால், பதினாலாம் நூற்றாண்டுச் செய்யுளையும் கத்திரி வெயிலில் உட்கார்ந்து கேட்கிற மக்கள் இவர்கள்.

"அது கேட்பது, படிப்பது ஆகாது" என்று சொல்வார்கள். சரி, உலகத்தில் இன்னொரு மூலைக்குப் போவோம். 1865-இல் கியூபாவின் ஹவானாவில் எல் ஃபிகாரோ என்கிற சுருட்டு ஆலையில் ஒரு வழக்கம் தொடங்கியது. தொழிலாளர்கள் புகையிலையைச் சுருட்டிக்கொண்டிருக்க, ஒருவர் உயரமான இடத்தில் உட்கார்ந்து பத்திரிகையும் நாவலும் வாய்விட்டுப் படிப்பார். அவருக்குச் சம்பளம் முதலாளி கொடுக்கவில்லை, தொழிலாளர்களே தங்கள் கூலியிலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள். எந்த நாவலைப் படிக்க வேண்டும் என்பதையும் அவர்களே முடிவு செய்தார்கள். அலெக்சாந்தர் துமாவின் நாவல் அவர்களுக்கு அவ்வளவு பிடித்துப்போய், மாண்டிகிறிஸ்டோ என்ற பெயரிலேயே ஒரு சுருட்டு வந்தது. எழுத்தறியாத தொழிலாளி காசு கொடுத்துக் கதை கேட்டான். அவன் வாசகன் இல்லையென்றால் வேறு யார் வாசகன்?

ஆரணிக்குப் பட்டுச்சேலை நெய்து கொடுக்கிற தறிகள் வந்தவாசியைச் சுற்றியும் உண்டு. நெசவு பற்றி ஒரு கதை எழுத வேண்டும் என்று அப்படி ஒரு வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். அந்த அக்கா தறிக்குழியில் காலை விட்டு நெய்துகொண்டிருக்கும், நான் தார் சுற்றுகிற ராட்டினத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். ஒருநாள், "சும்மாவே குந்திக்கினு கீறியேப்பா, எதுனா சொல்லேன்" என்றது. ஜெயகாந்தனின் 'அக்கினிப் பிரவேசம்' கதையைச் சொல்ல ஆரம்பித்தேன். மழை, பஸ் நிறுத்தம், கல்லூரிப் பெண், வந்து நிற்கிற கார். நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடிக்கொண்டே இருந்தது. மழை வர்ணனையை நான் நீட்டினேன், அக்காவின் கண் சேலையின் கரையிலேயே இருந்தது. வீடு திரும்பிய மகளை அம்மா அடித்துவிட்டு, பிறகு குளியலறைக்கு இழுத்துப் போய்த் தலையில் தண்ணீரைக் கொட்டி, உன்மேல் கறை இல்லை என்கிற இடம் வந்தபோது மிதிகட்டையில் இருந்த கால் நின்றுவிட்டது. நாடா பாதி வழியில் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து அக்கா கேட்டது: "அந்த ஆத்தாக்காரி தண்ணி ஊத்தாம, ஊரக் கூட்டி ஒப்பாரி வெச்சிருந்தான்னா? அந்தப் பொண்ணு இன்னா ஆயிருக்கும்?"

1966-இல் ஆனந்த விகடனில் அந்தக் கதை வந்து தமிழ்நாடே சண்டை போட்ட பிறகு, ஜெயகாந்தன் தன்னிடமே கேட்டுக்கொண்ட கேள்வி இதுதான். அதற்குப் பதிலாகத்தான் 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவலை எழுதினார். 1972-இல் அதற்குச் சாகித்திய அகாதமி விருது கிடைத்தது. நாவலின் நாயகி கங்கா, தன் வாழ்க்கையில் நடந்ததற்கு வேறு முடிவு வைத்த ஒரு கதையைப் பத்திரிகையில் படிக்கிறாள். ஒரு வாசகியிடமிருந்துதான் அந்த நாவல் தொடங்குகிறது. இதையெல்லாம் அக்காவிடம் சொன்னேன். பிளஸ் டூ படிக்கிற அதன் மகள் நூலகத்தில் அந்தப் புத்தகத்தை எடுத்து வந்து, ராத்திரியில் தாய்க்குப் படித்துக் காட்டினாள். அடுத்த முறை நான் போனபோது அந்த வீட்டில் கங்காவைப் பற்றிப் பெரிய வாக்குவாதமே நடந்துகொண்டிருந்தது. தாய்க்குக் கங்காமேல் கோபம், மகளுக்குக் கங்காவின் அண்ணன்மேல் கோபம்.

இவர்களை எந்த விற்பனைக் கணக்கும் காட்டாது. கடையில் ஒரு பிரதிகூட அதிகமாக விற்கவில்லை. ஆனால் அந்த வீட்டில் இரண்டு வாசகர்கள் இருக்கிறார்கள்.

இந்த வேலையைப் பெரிய அளவில் செய்து காட்டியவர் எங்கள் மாவட்டத்திலேயே இருக்கிறார். திருவண்ணாமலையில் பவா செல்லதுரை தன்னுடைய கதைகளை மட்டும் சொல்லிக்கொண்டு உட்காரவில்லை. ஜெயகாந்தனையும் அசோகமித்திரனையும் வைக்கம் முகம்மது பஷீரையும், இன்னும் எத்தனையோ பேரையும் கூட்டத்தின் முன்னால் நின்று கதையாகவே சொல்கிறார். கேட்டவர்கள் புத்தகத்தைத் தேடிப் போகிறார்கள். கதையை வாயால் சொன்னால் எழுத்தின் நுட்பம் போய்விடும் என்று அவர்மேல் குறை சொல்கிறவர்கள் உண்டு. நுட்பம் போகிறது என்பது ஓரளவு உண்மைதான். அந்த நுட்பத்தைத் தேடி ஒருவன் மூலப்புத்தகத்தைத் திறக்கிறானே, அவனைத் திறக்க வைத்தது எது? புரிசையின் கூத்துக் கலைஞர்கள் பிரெக்டின் நாடகத்தையும் மார்க்வெஸின் கதையையும் தெருக்கூத்தாக ஆடினார்கள். பாரதம் பார்த்துப் பழகிய மக்கள் முன்னால் கொலம்பியாக்காரனின் கதையைக் கொண்டுபோய் வைக்க அவர்கள் தயங்கவில்லை. தயங்குகிறவர்கள் நாம்.

இப்போது கைப்பேசி. அதைக் காட்டித்தான் எல்லோரும் வாதத்தை முடித்துவிடுகிறார்கள். பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் உட்கார்கிற பெண்களில் எத்தனையோ பேர் பிரதிலிபி செயலியில் தொடர்கதை படித்துக்கொண்டு வருகிறார்கள். அடுத்த அத்தியாயம் எப்போது வரும் என்று காத்திருக்கிறார்கள், எழுதியவருக்குக் கருத்து எழுதுகிறார்கள். கல்கியின் பொன்னியின் செல்வன் 1950-இல் தொடராக வந்தபோது வாரா வாரம் காத்திருந்த அதே மனசு. அவர்கள் படிப்பது நல்ல எழுத்தா என்று கேட்கலாம், அது நியாயமான கேள்வி. ஆனால் படிக்கவில்லை என்று சொல்ல முடியாது. கல்கி நாட்டுடைமையாகி மலிவுப் பதிப்புகள் வந்த பிறகு, புத்தகக் காட்சிகளில் அந்த ஐந்து பாகத்தைக் கட்டாகச் சுமந்து போகிறவர்களை ஆண்டுதோறும் பார்க்கிறோம். 2022-இல் படம் வந்தபோது இன்னும் புதியவர்கள் வாங்கினார்கள். அவர்கள் படித்து முடித்ததும் அடுத்து என்ன படிப்பது என்று கேட்டிருப்பார்கள். அந்தக் கேள்விக்கு நம்மிடம் கிடைத்த பதில் என்ன? "இன்னும் கல்கியிலயே நிக்கிறீங்களா?"

இந்தத் தொனிதான் எத்தனையோ வாசகர்களை வாசலிலேயே திருப்பி அனுப்பியது. நம்மில் பலருக்குப் பரிந்துரை என்றால், தான் எவ்வளவு படித்திருக்கிறோம் என்று காட்டுவது. படித்தே ஆக வேண்டிய நூறு நாவல், சாவதற்குள் படிக்க வேண்டிய ஐம்பது நூல் என்று பட்டியல் போடுகிறோம். எனக்கு இந்தப் பட்டியல்கள்மேல் பெரிய வருத்தம் உண்டு. அதில் இருக்கிற புத்தகங்களில் குறையில்லை. பட்டியலை யாருக்காகப் போட்டோம் என்பதில்தான் குறை. பாய்த்தறி ஓட்டுகிறவருக்கும், கல்லூரிப் பேராசிரியருக்கும், கணவனை இழந்து ஆறு மாதமே ஆன பெண்ணுக்கும் ஒரே பட்டியலா? மருத்துவர் நாடி பார்க்காமல் மருந்துச்சீட்டு எழுதுவது போன்ற காரியம் இது. எதிரில் இருக்கிற மனிதர் யார், அவருக்கு எது வலிக்கிறது, எவ்வளவு நேரம் கிடைக்கும், எழுத்து கூட்டிப் படிப்பவரா, வேகமாகப் படிப்பவரா என்று தெரிந்துகொண்டு ஒரே ஒரு புத்தகத்தைச் சொல்வதற்குப் பொறுமை வேண்டும். தவறினால் அடுத்ததைச் சொல்ல வேண்டும்.

சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன் 1931-இல் நூலக அறிவியலுக்கு ஐந்து விதிகளை வகுத்தார். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல் கிடைக்க வேண்டும், ஒவ்வொரு நூலும் தனக்கான வாசகரை அடைய வேண்டும் என்பவை அதில் இரண்டு. அதே 1931-இல் மன்னார்குடிப் பக்கம் மேலவாசலில் மாட்டுவண்டியில் புத்தகங்களை ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். நூலகத்துக்கு வராதவர்களைக் குறை சொல்லிக்கொண்டிருக்காமல், வண்டியைப் பூட்டினார்கள். 1948-இல் அன்றைய சென்னை மாகாணத்தில்தான் சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் வந்தது. இன்றைக்கும் நாம் கட்டுகிற சொத்துவரியில் ரூபாய்க்குப் பத்துக் காசு நூலக வரியாகப் போகிறது. வந்தவாசியில் வீடு வைத்திருக்கிற ஒவ்வொருவரும், புத்தகமே தொடாதவர் உட்பட, வாசிப்புக்காகக் காசு கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

கிளை நூலகங்களுக்குப் போய்ப் பாருங்கள். பெஞ்சு நிறைய இளைஞர்கள். குரூப் 4 தேர்வுக்கும் போலீஸ் தேர்வுக்கும் படிக்கிறவர்கள். "அவங்க வேலைக்காகப் படிக்கிறாங்க, அது வாசிப்பா?" என்று கேட்கிறார்கள். காலையிலிருந்து மாலை வரை கையில் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கிற ஒரு தலைமுறையை வாசகர் கணக்கில் சேர்க்க மறுப்பது எனக்குக் கோபத்தைத் தருகிறது. அவர்களில் ஒரு தம்பி ஒருநாள் முணுமுணுத்து மனப்பாடம் செய்துகொண்டிருந்தான்: 2022, சாகித்திய அகாதமி, காலா பாணி, மு.ராஜேந்திரன். ஒரு மதிப்பெண் கேள்வி. அந்த நாவலை அச்சிட்டது எந்த ஊர்க்காரர்கள் தெரியுமா என்று கேட்டேன். சென்னை என்றான். நாம் உட்கார்ந்திருக்கிற ஊரை ஒட்டிய அம்மையப்பட்டில் இருந்து இயங்கும் அகநி வெளியீடு அது என்றதும் நிமிர்ந்து பார்த்தான். சிவகங்கையை ஆண்ட வேங்கை பெரிய உடையணத் தேவரை வெள்ளைக்காரர்கள் 1802-இல் கடல் தாண்டிப் பினாங்குக்கு நாடுகடத்திய கதை என்று சொன்னேன். "தேர்வு முடிஞ்சதும் படிக்கிறேண்ணா" என்றான். தேர்வை முடித்துவிட்டு வந்து அந்தப் புத்தகத்தைக் கேட்கவும் செய்தான். அவனுக்கும் அந்தப் புத்தகத்துக்கும் நடுவில் இருந்தது ஆர்வமின்மை அல்ல. யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அகநியைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் "சின்ன ஊரில் இருந்துகொண்டு என்ன செய்ய முடியும்" என்பது அந்தப் பொய்யின் இன்னொரு முகம். ஆனந்தரங்கப் பிள்ளை 1736-இலிருந்து எழுதி வைத்த தினப்படிச் சேதிக்குறிப்பை மு.ராஜேந்திரனும் அ.வெண்ணிலாவும் பதிப்பித்து, பன்னிரண்டு தொகுதிகளாக அகநி கொண்டுவந்தது. 1760 ஜனவரியில் இந்த வந்தவாசியில்தான் லாலியின் பிரெஞ்சுப் படை அயர் கூட்டிடம் தோற்றது. ஒரே வருடத்தில் புதுச்சேரியும் விழுந்தது. அந்தப் புதுச்சேரியின் துபாஷ் எழுதிய நாட்குறிப்பு, பிரெஞ்சுக்காரர்கள் தோற்ற ஊரிலிருந்தே முழுத் தொகுதியாக வந்திருக்கிறது. வாசகர் இல்லை என்று நினைக்கிறவர்கள் பன்னிரண்டு தொகுதிக்குக் காகிதம் வாங்க மாட்டார்கள். அதே ஊரில் இருந்துகொண்டு அ.வெண்ணிலா நெசவாளர் வாழ்வைச் 'சாலாம்புரி'யாகவும், முல்லைப்பெரியாறு அணையின் கதையை 'நீரதிகார'மாகவும் எழுதினார். மு.முருகேஷ் ஐக்கூவைத் தமிழில் பரப்பியவர், குழந்தைகளுக்கு எழுதி 2021-இல் பால சாகித்திய புரஸ்கார் வாங்கியவர். நூலக வாசகர் வட்டத்திலும் ஊர்க் கூட்டங்களிலும் பிறர் புத்தகங்களைப் பற்றி ஓயாமல் பேசுகிறவர். எழுதுகிறவர்கள் கொடுக்கிறவர்களாகவும் இருந்தால் ஒரு சின்ன ஊரில் என்ன நடக்கும் என்பதற்கு நான் வேறு உதாரணம் தேட வேண்டியதில்லை.

எழுத ஆசைப்படுகிற என் வயதுக்காரர்களிடம் இன்னொரு நம்பிக்கையும் இருக்கிறது, அதையும் உடைக்க வேண்டும். நிறையப் படித்தால் பிறர் சாயல் ஒட்டிக்கொள்ளும், அதனால் படிக்காமலே எழுதுகிறேன் என்கிறார்கள். படிக்காதவனின் எழுத்தில்தான் அதிகமாகப் பிறர் சாயல் இருக்கிறது. சினிமா வசனமும் வாட்ஸ்அப் தத்துவமும் மேடைப் பேச்சும் எங்கிருந்து வந்தன என்று தெரியாமலே அவன் பேனாவில் இறங்கிவிடுகின்றன. சரி, படிக்கிறவர்களாவது பிறர் புத்தகத்தைப் பற்றிப் பேசுகிறோமா? இல்லை. அடுத்தவரைப் பாராட்டினால் நம் இடம் போய்விடும் என்று பயம். சொந்தக் காசில் முந்நூறு பிரதி போட்டு, வீடு வீடாகக் கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டு, ஒருவரும் படிக்கவில்லை என்று அழுகிறோம். இதற்கு முன்னால் அந்த மனிதருக்கு நல்ல புத்தகம் ஒன்றையாவது நாம் சொல்லியிருக்கிறோமா? நாம் சொன்ன ஒரு கதையால் அவருடைய ஒரு ராத்திரியாவது நன்றாகக் கழிந்திருக்கிறதா? கழிந்திருந்தால், நாம் கொடுக்கிற அடுத்த புத்தகத்தை, அது நம்முடையதாகவே இருந்தாலும், அவர் திறந்து பார்ப்பார்.

பரிந்துரைப்பதில் எழுதுகிறவனுக்கு நேரடியான லாபமும் உண்டு, இதை நான் தறிக்குழியின் பக்கத்தில் கற்றுக்கொண்டேன். ஜெயகாந்தனின் மழை எனக்கு மிகவும் பிடித்த இடம். சொல்லும்போது நாடா நிற்கவில்லை. அம்மாவின் கையில் இருந்த தண்ணீருக்குத்தான் நின்றது. ஒரு பெரிய எழுத்தாளனின் கதையை இன்னொருவர் முகத்தைப் பார்த்துச் சொல்லும்போது, எந்த இடம் தாங்குகிறது, எந்த இடத்தில் கேட்கிறவர் நம்மை விட்டுப் போகிறார், எதை விளக்க வேண்டும், எதைச் சொல்லாமல் விட்டால் அவரே கேட்பார் என்பதெல்லாம் கண்ணெதிரே தெரிகிறது. எந்தப் பயிற்சிப் பட்டறையிலும் இது கிடைக்காது. என் நெசவுக் கதையில் முதல் நான்கு பக்கத்தை நான் அதற்குப் பிறகுதான் வெட்டினேன்.

"எழுதுகிறவன் எழுத வேண்டும், புத்தக ஏஜென்டாக அலையக் கூடாது" என்று ஒரு மூத்தவர் என்னிடம் சொன்னார். நேரம் போகும் என்கிற அவருடைய கவலை புரிகிறது. ஆனால் செல்லப்பா அலைந்தார், எழுதவும் செய்தார். 'சுதந்திர தாகம்' மூன்று பாகமும் அந்தத் தோள்பட்டைக்காரர் எழுதியதுதான். க.நா.சு. பரிந்துரைத்துக்கொண்டே நாவல் எழுதினார். எழுத்தைக் காப்பாற்றுவதாக நினைத்துக் கதவைச் சாத்திக்கொள்கிற நாம் அவர்களைவிட எவ்வளவு அதிகமாக எழுதிவிட்டோம்?

அதனால் எங்கள் ஊர்க் கூட்டங்களில் ஒன்று கேட்டுவருகிறேன். நூல் வெளியீட்டில் ஏற்புரை சொல்கிற ஆசிரியர் தன் நூலைப் பற்றி ஒரு வரியும் பேச வேண்டாம், வேறொருவர் எழுதிய ஒரு புத்தகத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, அதை யாருக்காகத் தேர்ந்தெடுத்தேன் என்று சொல்லி, கூட்டத்தில் இருக்கிற அந்த மனிதரிடமே கொடுத்துவிட்டு இறங்க வேண்டும். "விழா நாயகனை இப்படியா நடத்துவது, அவருக்கான நாள் இல்லையா" என்று முதலில் எதிர்த்தார்கள். அவருடைய புத்தகத்தைப் பற்றிப் பேச மேடையில் நாலு பேர் இருக்கிறார்கள். அவர் பேசப்போகிற அந்த இன்னொரு புத்தகத்துக்கு அன்றைக்கு அவரைத் தவிர யாரும் இல்லை.